அகநானூற்றில் பொறாமை கடந்த மனநிலை: சாகலாசனார் பாடலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இணையர் பிறரிடம் பெறும் இன்பம் கண்டு பொறாமை கொள்ளாது மகிழும் உணர்வை மேலைநாட்டார் ‘கம்பெர்ஷன்’ என்பர். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் 1971 முதல் 1991 வரை இயங்கிய கெரிஸ்டா குழுவினரிடையே இச்சொல் தோன்றியது. இதற்கு நெருங்கிய மனநிலை சங்க அகப்பாடல்களில் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகநானூறு, மருதம், ஊடல், பரத்தை, அழுக்காறு.

முன்னுரை

பிறர் ஆக்கம் பொறாத அழுக்காற்றையும் காதலின்கண் தோன்றும் ஊடலையும் தமிழ் மரபு வேறுபடுத்துகிறது. திருவள்ளுவர் முன்னதைக் கடியும் அழுக்காறாமையை அறத்துப்பாலிலும், பின்னதைக் காமத்துப்பாலின் இறுதி அதிகாரங்களிலும் வைத்தார். எனவே ஊடலை வெறும் பொறாமை எனக் கொள்வது பொருந்தாது.

தெருவில் நிகழ்ந்தது

அகநானூற்றின் 16ஆம் பாடல் சாகலாசனார் இயற்றியது. தெருவில் தனித்து விளையாடும் புதல்வனைத் தலைவனின் பரத்தை காண்கிறாள். காண்பார் எவருமில்லை என எண்ணி அவனை மகிழ்ந்து தழுவுகிறாள். அதனைக் கண்ட தலைவி சினக்கவில்லை. அவளும் இவனுக்குத் தாயே எனக் கூறி அவளை அணைத்துக் கொள்கிறாள். களவு வெளிப்பட்டவர்போல் பரத்தை நாணித் தலைகவிழ்ந்து நிலம் கிளைக்கிறாள். காமக்கிழத்தி புதல்வனைத் தழுவி விளையாடும் இச்சூழலைத் தொல்காப்பியக் கற்பியலும் தலைவி கூற்று நிகழும் இடங்களுள் ஒன்றாகக் குறிக்கிறது.

இல்லத்தில் கூறியது

இப்பாடலை மகிழ்ச்சிப் பாடலாக மட்டும் படிப்பது பிழையாகும். எவரையும் அறியேன் என்று பொய்யுரைத்த தலைவனுக்குத் தலைவி கூறியதாக இதன் துறைக்குறிப்பு அமைகிறது. தெருவில் பரத்தையிடம் காட்டிய கனிவே, இல்லத்தில் தலைவனின் பொய்க்கு எதிரான சான்றாகிறது. தலைவியின் ஊடல் பரத்தைமேல் அன்று, மறைத்தவன்மேலேயே செல்கிறது. ஆகவே இப்பாடலில் வெளிப்படுவது இணையரின் இன்பம் கண்ட மகிழ்வன்று. மற்றொரு பெண்ணின் நிலையறிந்த பரிவு எனலாம். பரத்தமை ஆடவனுக்கு மட்டுமே இசைவளித்த ஒழுகலாறு என்பதும் மறத்தற்குரியதன்று.

பத்தி மரபில் ஓர் ஒப்பீடு

அன்பிற்குரியவர் பிறர்க்கு அருளுவதைக் கண்டு மகிழும் நிலை பத்தி மரபில் இயல்பாக உள்ளது. பூவிருந்தவல்லியில் (பூந்தமல்லி) தோன்றிய திருக்கச்சி நம்பிகள், காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டத் தொண்டு புரிந்தவர். இராமானுசரின் ஐயங்களுக்குப் பெருமாள் அருளிய ஆறு வார்த்தைகளை அவரே கொண்டு சேர்த்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. தம் தலைவன் பிறர்க்கு அளித்த அருளுக்கு அவரே வாயிலானார். அங்கு மறைவு இல்லை. ஆதலின் பொறாமைக்கும் இடமில்லை. இது காதல் உறவன்று எனினும், மறைவின்மையே இத்தகைய மகிழ்வின் அடிப்படை என்பதை இந்நிகழ்வு தெளிவுறுத்துகிறது.

முடிவுரை

கம்பெர்ஷன் என்னும் கருத்து இருபாலரின் இசைவையும் வெளிப்படைத் தன்மையையும் முன்நிபந்தனையாகக் கொள்கிறது. சாகலாசனார் காட்டும் தலைவிக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. அவள் பொறுத்துக்கொண்டதை மகிழ்ந்தாள் எனப் பெயர்த்துரைப்பது, அவள் எழுப்பிய வினாவை மறைத்துவிடும். இக்காலக் கருத்தாக்கங்களைச் சங்கப் பாடல்களில் தேடும் ஆய்வாளர், பாடலின் உணர்வோடு கூற்று நிகழும் சூழலையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.