சுவருக்குள் ஏறும் நீர்

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர், அடுத்த ஐப்பசிக்குள் அடிப்பக்கம் கறுத்துப் பொரிந்துவிடுகிறதா? பீரோவை நகர்த்தினால் பின்னால் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கிறதா? தஞ்சைப் பகுதியில், வாய்க்கால் ஓரத்தில் உங்கள் வீடு இருந்தால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வீர்கள். “சுவர் ஓதம் காத்திருக்கிறது” என்பார்கள் பெரியவர்கள். மறு பொங்கலுக்கு மறுபடியும் சுண்ணாம்பு வாங்குவார்கள். இந்த ஆண்டு அதற்கு முன் நீங்கள் கொஞ்சம் துப்பறிந்து பாருங்களேன்!

பூசணத்தைக் குற்றவாளி என்று எண்ண வேண்டாம். அது சாட்சி. அதன் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் அவை முளைக்கும். துடைத்தாலும் திரும்ப வரும். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் விளக்கமாக வெளியிட்டிருக்கிறது. ஆகவே, ஈரம் எந்த வழியாக வருகிறது என்பதே கேள்வி.

தரையிலிருந்து வரலாம். ஒரு சாக்கட்டியின் அடி நுனியை மை கலந்த நீரில் நிறுத்துங்கள். மை மேலே ஏறும். இதுதான் நுண்புழை ஏற்றம். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 3 செ.மீ. ஏறும், விட்டம் 0.1 மி.மீ. ஆனால் 30 செ.மீ. ஏறும். செங்கல்லின் துளைகளோ இன்னும் நுண்ணியவை. அப்படியானால் நீர் ஏன் கூரை வரை போவதில்லை? ஏறும் வழியெல்லாம் சுவரின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால்தான். ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் இடத்தில் ஈரக்கோடு நிற்கும். பெரும்பாலும் இடுப்பு உயரத்தைத் தாண்டாது.

இன்னொரு சாக்கட்டியை இரண்டாக ஒடித்து, நடுவில் உருகிய மெழுகுவத்தி வைத்து ஒட்டி நிறுத்துங்கள். மை மெழுகோடு நின்றுவிடும். புது வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் நீர்புகாத ஒரு பூச்சுப் போடுவது இதற்காகத்தான். பழைய வீடுகளில் இது கிடையாது. ஆனால் உயர்ந்த திண்ணையும், நீராவியை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சும் இருந்தன.

வெண்ணாற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அந்தச் சுண்ணாம்பைக் கொத்திவிட்டு, 3 அடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினார்கள். முதல் ஆண்டு சுவர் பளபளத்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு சிமெண்ட்டுக்கு மேலே, 4 அடியில் ஈரம் தெரிந்தது! ஆவியாக வழியில்லாத நீர், வழி கிடைக்கும் வரை மேலே போயிருக்கிறது. அந்தச் சுவரில் சாய்த்து வைத்த விதைநெல் மூட்டை பூசணம் பிடித்து, பாதி நெல்கூட முளைக்கவில்லை. அந்த ஆண்டு வெளியில் விதை வாங்கித்தான் நாற்று விட்டோம்.

மேலிருந்தும் நீர் வரலாம். கூரை ஒழுகினால் கறை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். காற்றிலிருந்தும் வரலாம். நெல் அவிக்கும் நாளில் எழும் நீராவி, மார்கழிக் குளிரில் சில்லிட்ட சுவரில் பட்டு நீராகும். ஐயமாக இருந்தால், ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரம் என்றால் அது அறைக் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள் இருப்பது.

இதைவிட நல்ல சான்று பென்சில் கோடு. ஞாயிறுதோறும் ஈரத்தின் மேல் விளிம்பில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து தேதி மாறும். உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையே இல்லாமல், வாய்க்கால் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் கோடு ஏறினால், அது நிலத்தடி நீரின் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வந்தால் கூரையையும் வெளிப்புற விரிசலையும் பாருங்கள். சித்திரை வெயிலிலும் குறையாவிட்டால் குழாயோ கழிவுநீர்த் தொட்டியோ கசிகிறது.

ஒரே ஓர் ஏமாற்று உண்டு. பொரிந்த சுவரில் தெரியும் வெள்ளைத் தூள் உப்பு. சோற்றுப்பு, காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீர்த்துப்போகும். மழைநாளில் உப்பு ஜாடியைப் பாருங்கள், தெரியும். உப்பேறிய சுவரும் அப்படித்தான். நீர் வரத்து நின்ற பிறகும் மழைநாளில் ஈரம் காட்டும். அந்தப் பூச்சை அடியோடு கொத்தி எடுத்தாக வேண்டும்.

எடுத்த கையோடு பூசிவிடக் கூடாது. நனைந்த சுவர், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும். 9 அங்குலச் சுவருக்கு எத்தனை மாதம் என்று பார்த்துக்கொண்டு, எந்த மாதத்தில் கொத்தத் தொடங்கலாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.