வீடு மாத்த வண்டி ஒரு நடையா, ரெண்டு நடையா?

வீடு காலி பண்ணும்போது நம்மில் பலரும், "என்ன பெரிசா இருக்கு, ஒரு குட்டி யானையில போயிடும்" என்று கண் மதிப்பில் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். முக்கால்வாசிச் சாமான் ஏறுறதுக்குள்ள வண்டி நிறைஞ்சு போச்சு. ரெண்டாவது நடைக்குக் கொடுத்தது, குழுவுக்குத் தவணை கட்ட எடுத்து வைத்திருந்த பணம்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, தையல் டேப் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி. மணல் ஒரு யூனிட் 100 கன அடி என்கிறோமே, அதே கன அடிதான்.

பீரோ ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் 29 கன அடி. கட்டிலைக் கழற்றி அடுக்கினால் 12. ஃபிரிட்ஜ் 18, தையல் மிஷின் 11. பாத்திரம், துணி மூட்டை ஒன்றுக்கு நாலரை வீதம் பத்து மூட்டைக்கு 45. ஆக 115. சாமான் எல்லாம் செங்கல் மாதிரி ஒட்டி உட்காராது, இடுக்கு விழும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 23 சேர்த்தால் 138.

டாடா ஏஸ் வண்டியின் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். 4 அடி உயரத்துக்கு அடுக்கினால் ஏறக்குறைய 140 கன அடி. இறுக்கம்தான், ஆனாலும் ஒரே நடை.

நான் ஏமாந்தது பரணிலும் கொல்லையிலும். தண்ணி டிரம், கோழிக்கூண்டு, மேலே கிடந்த பழைய டிரங்குப் பெட்டி எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. டிரம்முக்குள் துணியைத் திணித்து, அண்டாவுக்குள் குண்டானைப் போட்டிருந்தாலே பாதி மூட்டை மிச்சம் ஆகியிருக்கும்.

நெல் இருக்கிற வீட்டில் எடையையும் பாருங்க. முக்கால் டன் தாங்குற வண்டியில் 75 கிலோ மூட்டை பத்து ஏற்றினால் பாரம் முடிஞ்சது. தொட்டியில் பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. அம்மி, ஆட்டுக்கல்லும் அப்படித்தான், இடம் கொஞ்சம், பாரம் அதிகம்.

வாடகை பேசும்போதே சாமான் பட்டியலைக் காட்டுங்க. ஒரே நடையில் ஏறாவிட்டால் மறுநடைக்கு எவ்வளவு என்பதையும் அப்பவே கேட்டு வச்சுக்கோங்க. சாமான் பாதி ஏறிய பிறகு பேரம் பேச முடியாது.