ஷாமியான் தீவின் பட்டுச் சட்டைகள்

தென்சீனாவின் குவாங்சோ நகரில், முத்து ஆற்றங்கரையில் ஷாமியான் என்றொரு குட்டித் தீவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய, பிரெஞ்சு வணிகர்கள் குடியிருந்த இடம். 1990களில் அது சீனக் குழந்தைகளைத் தத்தெடுக்க வந்த அமெரிக்கர்களின் கடைத்தெருவானது.

இதற்குக் காரணம் விசா. சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் 1992இல் நடைமுறைக்கு வந்தது. எந்த மாகாணத்தில் குழந்தையைப் பெற்றுக்கொண்டாலும், அமெரிக்கா செல்லும் விசாவுக்குக் குவாங்சோவின் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. மருத்துவப் பரிசோதனை, விசா என்று சில நாட்கள் கழியும். தூதரகம் அப்போது ஷாமியானில் இருந்தது; அருகிலேயே ஒயிட் ஸ்வான் ஹோட்டல். குழந்தைகளை நாரை கொண்டுவந்து தரும் என்பது மேல்நாட்டுக் கதை. அதனால் அந்த ‘வெள்ளை அன்ன’ ஹோட்டலுக்கு ‘வெள்ளை நாரை விடுதி’ என்று செல்லப்பெயரே விழுந்தது. சீனக் குழந்தையை ஏந்திய பார்பி பொம்மையும் அங்கு தங்கிய புதுப் பெற்றோருக்குப் பரிசாகக் கிடைத்தது.

முதல் தேவை உடுப்புதான். ஊரிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுவந்தவை பெரும்பாலும் அளவு சேராமல் போயின. காப்பகக் குழந்தைகள் வயதுக்குச் சிறுத்திருப்பது வழக்கம். சீனக் கடைகளில் உடுப்பின் அளவு வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து: 80, 90, 100 என்று சென்டிமீட்டரில் எழுதியிருக்கும். குழந்தையை ஒருமுறை அளந்துவிட்டால் போதும். இதைவிடத் தெளிவான முறை வேறில்லை. ஆனால் ஒற்றைச் சட்டையோடு குழந்தையைத் தெருவில் தூக்கிச் சென்றால், முன்பின் தெரியாத பாட்டிமார் வழிமறித்துத் திட்டுவார்கள். குளிர் தாக்காமல் அடுக்கடுக்காகப் போர்த்துவது அவர்கள் பழக்கம்.

நினைவுப் பொருள்களில் முதலிடம் சீப்பாவ் என்னும் சீன மரபுப் பட்டுச் சட்டைக்கு. ஒன்று வாங்கினால் போதாது. ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டுக்கு அணிவிக்க, ஏறுமுகமாகப் பல அளவுகளில் வாங்கினார்கள். பதினெட்டுப் பிறந்தநாள்களுக்கும் பதினெட்டுப் பரிசுகளை அப்போதே வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. சீனப் பெயர் பொறித்த கல் முத்திரை, முத்து மாலை, பச்சைக்கல் வளையல், நடந்தால் கீச்கீச்சென்று கத்தும் செருப்பு (வாங்கியவர்கள் விமானத்தில் வருந்தியிருப்பார்கள்) எல்லாம் அங்கே கிடைத்தன. பேரம் பேசாமல் வாங்குவது ஏமாளித்தனம். கடைக்காரர்களும் கெட்டிக்காரர்கள்: தள்ளுவண்டியை இலவசமாகக் கொடுத்து, துணியும் வெளுத்துக் கொடுத்து, வாடிக்கை பிடித்தார்கள்.

ஆனால் குவாங்சோ பட்டு எல்லோருக்கும் பொதுவானது. குழந்தையின் சொந்த மாகாணப் பொருளுக்குத்தான் மதிப்பு அதிகமாக இருந்தது. ஜியாங்சி குழந்தைக்கு ஜிங்தேஜென் பீங்கான், ஹூனான் குழந்தைக்கு அம்மாகாணப் பூத்தையல். கைக்கு வந்த நாளில் குழந்தை அணிந்திருந்த பழஞ்சட்டையைத் துவைக்காமல் பத்திரப்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தூதரகம் பின்னர் நகரின் வேறு பகுதிக்கு மாறியது. 2024 செப்டம்பரில் சீனா, நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர, வெளிநாட்டுத் தத்தெடுப்பை அடியோடு நிறுத்திவிட்டது.