தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டு ஆணைகள் ஏறக்குறைய ஒரே வேளையில் நம்மை வந்தடைந்தன. ஒன்று தமிழக அரசினுடையது. ஜூன் 1 முதல் சென்னையில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிந்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். மற்றொன்று உரோமையிலிருந்து வந்தது. ஜூன் 19 அன்று, குடிபெயர்ந்தோர் மேய்ப்புப் பணிக்கான பாப்பிறை அவை, சாலைப் பயணம் பற்றிய வழிகாட்டி ஏடொன்றை வெளியிட்டது. வாகனம் ஓட்டுவோருக்கெனப் பத்துக் கட்டளைகள் அதில் வகுக்கப்பட்டிருந்தன. கொலையை விலக்கும் கட்டளையே அவற்றுள் முதலாவது.

அரசின் ஆணை விரைவில் தளர்ந்தது. உரோமையின் ஏட்டை வாசித்தோரோ சிலரே. எனினும் இவ்விரண்டும் எழுப்பிய கேள்வி இன்றும் நம் இல்லங்களின் வாசலில் நிற்கிறது. வாகனத்தில் புறப்படும் நம் மகனும் மகளும் யாருடைய பொறுப்பு? காவலருடையதா, நம்முடையதா?

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவில், தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு அதில் விலக்கு உண்டு. நமக்கு இல்லை. 2015ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் இதனை வலியுறுத்தியதன் பேரில், ஜூலை 1 முதல் காவல்துறை கண்டிப்புக் காட்டியது. அந்நாட்களில் தலைக்கவசம் விற்கும் கடைகளில் மக்கள் முண்டியடித்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். 2022 மே 23 முதல், பின்னால் அமர்ந்து செல்வோரையும் சென்னைப் போக்குவரத்துக் காவலர் தீவிரமாகக் கண்காணிக்கத் தொடங்கினர். அதே ஆண்டு அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.

மிதிவண்டிக்கு நம் நாட்டில் இச்சட்டம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 1990இலேயே மிதிவண்டி ஓட்டுவோருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது.

பெற்றோர் பலர் அறியாத பகுதி ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது வாகன உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கோ 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிட்டாது. "கியர் இல்லாத ஸ்கூட்டர்தானே" என்று சொல்வோர் உளர். 50 சி.சி.க்கு மேற்படாத இயந்திரம் உள்ள வண்டிக்கே பதினாறு வயதில் உரிமம் உண்டு. இன்று நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அதனினும் இருமடங்கு ஆற்றல் கொண்டவை.

"ஃபாதர், ஒரு வார்த்தை சொல்லுங்கள்"

பங்கு இல்லத் தொலைபேசி மாலை வேளையில் ஒலிக்கிறது. "ஃபாதர், பையனைப் பனகல் பூங்கா பக்கம் பிடித்துவிட்டார்கள். டியூஷனுக்குப் போனவன். இன்ஸ்பெக்டரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்" என்று ஒரு தாய் மன்றாடுகிறார். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ பணிபுரியும் குருக்கள் எவருக்கும் இத்தகைய வேண்டுகோள் புதிதன்று.

தாயின் தவிப்பு நமக்கு விளங்காமல் இல்லை. ஆயினும் அந்த ஒரு வார்த்தையை நாம் சொல்வதற்கில்லை. சட்டம் ஏழைக்கும் செல்வாக்குள்ளவனுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் போதித்துவிட்டு, திங்களன்று நம் பிள்ளைக்கு மட்டும் சலுகை கேட்பது நேர்மையாகாது. சிபாரிசு செய்ய ஆளில்லாத மற்றொரு தாயின் மகனும் அதே தெருமுனையில்தான் நின்றுகொண்டிருக்கிறான். ரசீது இல்லாமல் கையில் சிறிது பணத்தைத் திணித்து மீள்வது இன்னும் கேடானது. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் அது பாவம். அதைப் பார்த்து நிற்கும் சிறுவனுக்கோ, வாழ்நாள் முழுவதற்குமான தீய பாடம்.

அதிகாரத்திற்குப் பணிவது தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்று, மனச்சான்றின் பொருட்டும் ஆகும் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார். லஸ் முனையில் காவலரைக் கண்டதும் அணிந்து, கச்சேரி சாலைக்குள் திரும்பியதும் கழற்றும் இளைஞன் காவலருக்கு அஞ்சுகிறான். தன் உயிரை எண்ணிப் பார்க்கவில்லை. முழங்கையில் தொங்கும் கவசம் முழங்கையைத்தான் காக்கும்.

கைப்பிடிச் சுவரும் தலைக்கவசமும்

"ஆண்டவர் காப்பாற்ற மாட்டாரா?" என்று கேட்பவர் உண்டு. கைப்பிடியில் ஜெபமாலை ஊசலாடும். தலை வெறுமையாக இருக்கும். கோவில் முகட்டிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, கடவுளைச் சோதிக்கலாகாது என்று நம் ஆண்டவர் மறுத்ததை நினைவுகூர்வோம். காவல் தூதர் நம்மோடு இருப்பது உண்மை. நாம் கவனமின்றிப் போவதற்கு அது அனுமதிச்சீட்டு அன்று.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் அழகிய சட்டம் ஒன்று காணப்படுகிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல், விழுந்து இறப்பவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். மாடியைக் கட்டியவனே சுவரையும் கட்டவேண்டும். வாகனத்தை வாங்கித் தந்த தந்தைக்கும் இது பொருந்தும். வேக மோகத்தால் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ இடர் விளைவிப்பது கடும் குற்றம் எனத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (எண் 2290) கற்பிக்கிறது.

அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. கவசத்தின் உள்ளே இருக்கும் தடித்த நுரைப்பஞ்சு மோதலின்போது நசுங்கி, மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவர்கள், மரண அபாயம் 42 விழுக்காடும் தலைக்காய அபாயம் 69 விழுக்காடும் குறைவதாகக் கண்டனர். மத்திய அரசின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் தலைக்கவசமின்றி இறந்தோர் 50,029 பேர். அத்தனை வீடுகளில் அழுகுரல் எழுந்ததை எண்ணிப் பாருங்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம் முன்னோர் வாக்கு. தலைப்பாகையே இல்லாதவனுக்கு அது தலையோடுதானே போகும்?

காவலருக்கும் ஒரு சொல்

காவல்துறையின் கண்டிப்பை வரவேற்கும் நாம், அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச்சில் திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடி அருகே, தலைக்கவச சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியரை ஓர் ஆய்வாளர் துரத்திச் சென்று வண்டியை உதைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. கீழே விழுந்த பெண் மாண்டார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். உயிரைக் காக்க எழுந்த சட்டம் உயிரைப் பறிக்கும் கருவியாகலாமா? தப்பியோடும் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதுமே. இளைஞரை 'டேய்' என்று அதட்டுவதைவிட, மரியாதையோடு நிறுத்தி விளக்கும் காவலரின் சொல்லே நெஞ்சில் தங்கும். வீடுவீடாக உணவு கொண்டு செல்லும் ஏழை இளைஞனுக்கு ஆயிரம் ரூபாய் சிறிய தொகையன்று என்பதையும் மறத்தலாகாது.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

மகனுக்கு வண்டி வாங்கும் நாளிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கவசங்கள் இரண்டு வாங்குங்கள். 2021 ஜூன் முதல் அம்முத்திரை இல்லாதவற்றை விற்பதே குற்றம். தாடைப்பட்டையை இறுக மாட்டக் கற்பியுங்கள். மாட்டாத கவசம் விழும்போது முதலில் கழன்று ஓடிவிடும். பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியாதீர்கள். உரிமம் பெறும் வயதுவரை சாவியைத் தராதீர்கள்; பிள்ளை முகம் சுளித்தாலும் தராதீர்கள். தந்தை வெறுந்தலையோடு திருப்பலிக்கு வந்தால், மகனுக்குச் சொல்லும் புத்திமதி காற்றில் போகும்.

பங்குகளும் பங்களிக்கலாம். கவசங்களைப் பாதுகாப்பாக வைக்க ஆலய வளாகத்தில் ஓர் அடுக்கு அமைப்பது பெருஞ்செலவன்று. வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழை இளைஞர் சிலருக்குக் கவசம் வாங்கித் தரலாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் மாதா திருத்தலத்துக்கு மூவர் மூவராக வண்டியில் விரையும் நம் வாலிபரை, பங்கு இளைஞர் இயக்கமே முன்நின்று திருத்தலாம்.

காலையில் இல்லம் விட்டுச் செல்லும் பிள்ளைகள் அனைவரும் மாலையில் நலமே திரும்பி வர அன்னை மரியாள் பரிந்து பேசுவாராக. அந்த மன்றாட்டோடு, பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பதும் ஒரு தாயின் கடமையே.