கடல் கடந்த வாணிகக் கல்வி

ஒரு தொழிலைப் புதிதாகத் தோற்றுவிப்பதும், தோற்றுவித்ததைப் பல நாடுகளிலும் பரவச் செய்து கட்டிக் காப்பதும் அரிய செயல்கள். இக்காலத்தில் கல்லூரிகள் அவற்றைத் தனிப் பாடமாகவே கற்பிக்கின்றன. முதல் திரட்டுவது எவ்வாறு, அயல்நாட்டுச் சந்தையின் இயல்பை அறிவது எவ்வாறு, தொலைவிலுள்ள கிளையை ஆள்வது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு வாணிகவியல் மாணவர் ஆங்கு விடை தேடுகின்றனர். அச்சிட்ட பாட நூலும் பட்டமும் இல்லாமலே இக்கல்வியைத் தம் பிள்ளைகட்குத் தலைமுறை தலைமுறையாக அளித்த மக்கள் நம் பாண்டிநாட்டில் வாழ்ந்தனர். அவர்தம் பயிற்சி முறையையும், அதன் சிறப்பையும், அதில் நேர்ந்த குறையையும் அறிந்துகொள்ளுதல் நமக்குப் பெரிதும் பயன்படும்.

பொருள் இருந்தும் தொழிலறிவு இல்லையாயின் யாது நேரும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று பகரும். மேலூரை அடுத்த திருவாதவூர், மாணிக்கவாசகர் தோன்றிய திருவூர். பாண்டியனின் அமைச்சராயிருந்த அவர், குதிரைகள் வாங்குதற்குப் பெரும்பொருளுடன் திருப்பெருந்துறை நோக்கிச் சென்றார் என்று திருவிளையாடற் புராணம் கூறும். பாண்டியர் கடல்வழியே வந்த குதிரைகளை விரும்பி வாங்கியது வரலாறும் ஒப்பும் செய்தி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், பேணும் முறை அறியாமையால் ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்றும் எழுதியுள்ளார். விற்கும் வணிகர் குதிரை மருத்துவரை உடன் அழைத்து வருவதுமில்லை. பிறர் வருவதை விரும்புவதுமில்லை என்பதும் அவர் கூற்று. குதிரைகள் மடிந்தாலன்றோ மீண்டும் விற்கலாம்! பொன் நம்மிடம் இருந்தது. நுட்பம் அவர்களிடம் இருந்தது. முடிவில் பொன்னும் அவர்களிடமே சென்று சேர்ந்தது.

மேலூரிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடியை அடைகிறது. அது நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழும் செட்டிநாடு. மழை குறைந்த அந்நிலத்து மக்கள், 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிற் சென்று கடை திறந்தனர். 1852இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா நெல்லுக்கு உலகச் சந்தை விரிந்தது. காடழித்துக் கழனியாக்கிய பர்மிய உழவர்க்குப் பணம் வேண்டியிருந்தது. மேனாட்டு வங்கிகள் சிற்றூர்களுக்குச் செல்லவில்லை; நகரத்தார் சென்றனர். 1930ஆம் ஆண்டையொட்டிப் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்று அரசினர் அமைத்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது.

இத்துணைக் கடைகளையும் நடத்த ஆட்கள் எங்கிருந்து வந்தனர்? அவர்கள் பயிற்றப்பட்டனர் என்பதே விடை.

பயிற்சியின் முதற்படி கணக்கு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவன், முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி எனக் கீழிறங்கி, ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையில் வாயாலேயே பெருக்கவும் வகுக்கவும் வல்லவனாவான். நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் வட்டியில் 640 ரூபாய் ஐந்து மாதம் நின்றால் வட்டி என்ன என்று கேட்டால், எழுதுகோலைத் தொடாமலே ‘நாற்பது’ என்பான். நூற்றுக்கு ஒன்று வீதம் 640க்கு ஆறு ரூபாயும் நாற்பது காசும். அதனோடு அதிற் கால் பங்கு சேர மாதம் எட்டு. ஐந்து மாதத்துக்கு நாற்பது. இக்கணக்கு அவன் நாவில் நின்றது.

இரண்டாம் படி கடைப்பயிற்சி. பன்னிரண்டு, பதின்மூன்று அகவையில் சிறுவன் ஒரு கடையிற் சேர்க்கப்படுவான். சிங்கப்பூர், பினாங்கு போன்ற ஊர்களில் நகரத்தார் தொழில் நடத்திய நீண்ட கூடத்திற்குக் ‘கிட்டங்கி’ என்பது பெயர். கிடங்கு என்னும் சொல்லோடு உறவுடையது அது. ஒரே கிட்டங்கியிற் பல கடைகள் இருந்தன. ஒரு கடைக்கு உரிய இடமாவது, ஒரு பாயும், கணக்கேடுகள் வைக்கும் மரப்பெட்டியும், ஒரு பேழையுமே. பகலில் அலுவல் நடந்த அவ்விடத்திலேயே இரவில் படுத்துறங்குவர். அப்பெட்டியின் அருகிருந்து பணி கற்ற சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ எனப்பட்டான். இடத்தைத் துப்புரவு செய்வது, கடிதம் கொண்டு செல்வது, பணம் எண்ணுவது, ஏட்டைப் படியெடுப்பது ஆகியன அவன் கடமைகள். வருவோர் யார், அவருள் நாணயமுடையார் எவர், கடனை மறுக்கும்போதும் மனம் நோகாமல் மறுப்பது எங்ஙனம் என்பனவற்றைக் கண்ணாலும் செவியாலும் அவன் கற்றான். செல்வர் பலர் தம் மக்களையும் பிறர் கடையிலேயே பயிலவிட்டனர். தந்தையின் கடையில் மகனைக் கடிந்து திருத்துவார் எவர்?

பெட்டியடிப் பையன் தேர்ச்சி பெற்றபின் ‘அடுத்தாள்’ ஆவான். பின்னர்க் கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் ‘மேலாள்’ ஆவான். பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. ஊதியம் முன்னரே சீட்டில் எழுதப்படும். அதில் ஒரு பகுதி புறப்படுமுன்னரே குடும்பத்துக்கு அளிக்கப்படும். மேலாளுக்கு ஊதியத்தோடு இலாபத்திலும் பங்குண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருப்பார். ஆயினும் நாள்தோறும் எழுதிய குறிப்பு, பேரேடு, வரவு செலவை ஒத்துப்பார்க்கும் ஐந்தொகை ஆகியவற்றின் படிகள் தவறாமல் ஊருக்கு வந்து சேரும். கணக்கே முதலாளியின் கண்ணாக விளங்கியது. மூன்றாண்டு முடிந்து ஊர் திரும்புவோர், ஈட்டிய பொருளைச் சேர்த்து, நாளடைவில் தாமே ஒரு கடைக்கு உரியவராதலும் உண்டு. பணியாளராய்த் தொடங்கி முதலாளியாய் முடிவதற்குரிய வழி இம்முறையிலேயே அமைந்திருந்தது.

சென்ற ஊர்களிலெல்லாம் அவர்கள் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுப்பினர். சிங்கப்பூரில் 1859இல் எழுந்த கோவில் இன்றும் சிறந்து விளங்குகிறது. வழிபாட்டிற்கு மட்டுமன்றி, வட்டி வீதம் குறித்துக் கலந்து பேசவும், வழக்குகளைத் தீர்க்கவும் கோவிலே மன்றமாயிற்று. நாணயம் தவறியவனுக்கு அம்மன்றத்தில் இடமில்லை. பின் எக்கடையிலும் கடன் கிடைப்பது அரிது. ஆதலின் சொல் காத்தல் அறமாகவும் இருந்தது, முதலாகவும் இருந்தது. அமெரிக்க நாட்டு ஆர்வர்டுப் பல்கலைக்கழகம் 1908இல் வாணிகப் பள்ளியைத் தொடங்கி, மெய்யான தொழில் நிகழ்ச்சிகளை மாணவர்முன் வைத்து ஆராயச் செய்யும் முறையைப் பின்னர் வளர்த்தது. கிட்டங்கிச் சிறுவனோ அந்நிகழ்ச்சிகளின் நடுவிலேயே அமர்ந்து பயின்றான்.

இனி இக்கல்வியில் நேர்ந்த குறையைக் காண்போம். 1930ஐ ஒட்டி உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. நெல் விலை சரிந்தது. பர்மிய உழவரால் வட்டியும் செலுத்த இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. கீழைப் பர்மாவின் தலையாய பதின்மூன்று நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காயிருந்த நகரத்தார் நிலம், 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. ஏட்டில் இது சொத்து. நிலமிழந்த உழவன் நெஞ்சில் இது நெருப்பு. நகரத்தார் விரும்பியது பணம். வந்து சேர்ந்ததோ நிலமும் பகையும். 1941 திசம்பரில் சப்பானியர் இரங்கூன் மீது குண்டு பொழிந்தனர். எண்ணற்ற இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. மூன்று தலைமுறையின் உழைப்பு அவ்வண்ணம் மறைந்தது. முந்திரிக் கணக்கிலும் பிழை செய்யாதவர், ஒரே நாட்டையும் ஒரே விளைவையும் நம்பியதாலும், கடன் பெற்றவனின் வாழ்வு தாழ்ந்தால் கொடுத்தவனின் வாழ்வும் தாழும் என்பதைக் கணக்கில் எழுதாததாலும் பேரிழப்பு எய்தினர்.

காலம் அறிந்து தொழிலை மாற்றிக்கொண்டவரும் உளர். பள்ளத்தூர் அ. மு. முருகப்ப செட்டியார் பதினான்காம் அகவையில் பர்மாவுக்குப் பயிற்சிக்குச் சென்றவர். 1900இல் மௌல்மேனில் தொழில் தொடங்கிய அவர்தம் குடும்பம், 1930களிலேயே தன் முதலைத் தாயகத்துக்குக் கொணர்ந்தது. 1949இல் ஆங்கில நிறுவனம் ஒன்றோடு கூடி மிதிவண்டித் தொழிலைத் தோற்றுவித்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ஆம் ஆண்டு பிப்பிரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீசு வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் அது ஒருங்கே திறக்கப்பட்டது. கிட்டங்கியிற் கற்ற கல்வி, புதிய உருவம் கொண்டு வாழ்ந்தது.

இந்நாளில் புதுத்தொழில் முனைவோர்க்கு உதவப் பல அமைப்புகள் உள்ளன. தமிழ்நாடு அரசின் புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் அவற்றுள் ஒன்று. கடிதம் செல்லப் பல நாள் ஆன காலம் போய், நொடியில் உலகெங்கும் செய்தி செல்லும் காலம் இது. எனினும் கற்க வேண்டியவை பெரிதும் மாறவில்லை. சிறு பணியிலிருந்து தொடங்குதல், கணக்கை மறைவின்றி எழுதுதல், உழைப்பவனுக்கு ஊதியத்தில் பங்களித்தல், சொல் தவறாமை ஆகிய நான்கும் அப்பெரியோர் தந்த செல்வங்கள். சென்ற நாட்டு மக்களின் வாழ்வைத் தம் வாழ்வாகக் கருதுதல் என்னும் ஐந்தாவது பாடத்தை அவர்தம் இழப்பு நமக்குக் கற்பித்தது.

மாணவர்களே, நுங்களுள் சிலர் நாளை உலகின் பல திசைகளிலும் தொழில் நடத்தச் செல்வீர்கள். அங்கு ஆண்டு முடிவில் ஐந்தொகை பார்க்கும்போது, ‘நாம் பெற்றது எவ்வளவு’ என்னும் வினாவோடு ‘நம்மால் இந்நாட்டார் பெற்றது எவ்வளவு’ என்னும் வினாவையும் எழுப்புங்கள். இரண்டிற்கும் நல்விடை கிடைக்குமாயின், நும் தொழில் நிலைத்து நிற்கும்.