உங்களுக்குத் தெரியுமா? ஏலாக்குறிச்சியில் எழுந்த காவியக் குரல்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய சிற்றூர் ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த சேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, மாதாவின் மேல் 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை அவர் பச்சிலை கொண்டு ஆற்றினார், அதற்கு நன்றியாகவே கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்பது இவ்வட்டாரம் தலைமுறைகளாகச் சொல்லிவரும் செய்தி.

புனித சூசையப்பரைத் தலைவனாக்கி 3,615 விருத்தங்களில் 'தேம்பாவணி'யும், 1732-இல் 'சதுரகராதி'யும் தந்தவர் இவரே. இன்னொரு கொடையை நாம் நாள்தோறும் கையாள்கிறோம். அன்றைய ஓலைகளில் எகரக் குறிலை நெடிலிலிருந்து பிரித்துக் காட்டியது மேலே வைக்கும் புள்ளி ஒன்றுதான். ஓலை கிழியும் என்று அதையும் எழுதாமல் விடுவார்கள். 'மெய்'யா, 'மேய்'யா? இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்கு மேற்சுழித்த கொம்பைக் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். எவ்வளவு சிறிய மாற்றம், எத்தனை பெரிய உதவி!

பின்னாளில் இப்பகுதி பிரெஞ்சுக் குருக்களின் புதுச்சேரி மிஷனோடு சேர்ந்தது. அதிலிருந்து 1899-இல் பிரிந்த கும்பகோணம் மறைமாவட்டத்தில்தான் ஏலாக்குறிச்சித் திருத்தலம் இன்றும் இருக்கிறது.