வீடு இடிச்ச செங்கல்லுல தண்ணி வடிகட்டலாமா?



போன மாதம் தருமபுரி பக்கம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடும்போது ஒரு அக்கா கேட்டார்: "மேடம், பழைய வீட்டை இடிச்ச செங்கல் குமிஞ்சு கெடக்குது. அதைப் போட்டு வடிகட்டினா போர் தண்ணியில இருக்கிற ஃபுளோரைடு போயிடுமாமே?" அவர் மகளுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. அந்தக் கவலை அவருக்கு. நானும் "போகும்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அது பாதிதான் சரி என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செங்கல்லில் உள்ள அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். இலங்கையில் வட மத்திய மாகாணக் கிராமங்களில், செங்கல் துண்டுகளை நிரப்பி, கீழிருந்து மேலாகத் தண்ணீரை ஏற்றி இப்படிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஆனால் அது சூளையில் புதிதாகச் சுட்ட செங்கல். அதற்கும் ஓர் அளவு உண்டு. பிடிக்கவேண்டியதைப் பிடித்து முடித்தபின் மாற்றாவிட்டால், ஃபுளோரைடு அப்படியே வெளியே வரும். எப்போது முடிந்தது என்று கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. நம் செங்கல்லோ பல வருஷம் சுவரில் இருந்து, சிமெண்டுப் பூச்சு ஒட்டியது. அதை நம்பிப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற கூடத்தான் செய்யும்.

அப்போ அந்தக் குவியல் வீணா? இல்லீங்க. மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இருக்காது. அதில் வருவது கூரைத் தூசி, இலை, மண். இதைத் தடுக்கப் பழைய செங்கல் போதும். பெயிண்ட், தார் பட்டதை ஒதுக்குங்கள். சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் சுண்ணாம்பு இறங்கும். சிவப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை அலசுங்கள். டிரம்மில் அடியில் பெரிய துண்டு, மேலே செங்கல் ஜல்லி, அதற்கு மேல் நைலான் வலை, கடைசியில் கழுவிய ஆற்று மணல். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீர் வேண்டாம். வடிந்த தண்ணீரைக் கொசு புகாமல் மூடிவைத்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள். இந்த வடிகட்டி கிருமியைக் கொல்லாது.

2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் திட்டத் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள். "சப்புன்னு இருக்கு"ன்னு போர் தண்ணீரில் சோறு வடிப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன்!

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. உங்கள் போரில் எவ்வளவு என்பதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துச் சொல்வார்கள். அந்த அக்கா வீட்டுத் தண்ணீரை வரும் வாரம் எடுத்துப்போகிறேன். உங்கள் குழுவிலும் கொடுக்க நினைப்பவர்கள், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, பெயரும் தேதியும் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.